மாயம்மாளின் பழுப்புத் துப்பாக்கி

மாயம்மாளைப் பத்திச் சொல்லணும்னா மொதல்ல என்னையப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிறணும். எம் பேரு அருள்நாதன். ஏட்டு. திண்டுக்கல்லுக்கும் நிலக்கோட்டைக்கும் நடுவுல இருக்கிற ஒரு ஸ்டேஷன்ல ரைட்டர் வேலை. ஸ்டேஷன் பேரு வேண்டாம். புகார் எழுதுறது, வாக்குமூலம் எழுதுறது, வந்த பொருளுக்கு ரசீது எழுதுறது, இதுதான் எஞ் சோலி. லத்தியைக் கையில பிடிச்சு வருசக்கணக்காச்சு.

எலக்சன் தேதி அறிவிச்சதும் லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கிற அம்புட்டுப் பேரும் கொண்டாந்து ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். ரிசல்ட்டு வந்து ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுத் திருப்பிக் குடுப்போம். எங்க லிமிட்ல பதினேழு துப்பாக்கி. எல்லாம் சிறுமலை அடிவாரத்துல வெள்ளாமை பண்றவங்க வச்சிருக்கிறது. குழல் வாய் வழியா கருமருந்தைக் கொட்டி, கம்பியால இடிச்சு வெடிக்கிற பழைய சாமான். காட்டுப்பன்னியை வெரட்டுறதுக்குத்தான். குண்டு போடுறதில்ல, வெறும் மருந்து, வெறும் சத்தம்.

அந்தப் பதினேழு பேர்ல பொம்பளை மாயம்மா ஒருத்திதான். வயசு அம்பத்தி மூணு. கல்யாணத்துக்கு முன்னாடி திண்டுக்கல் நாகல் நகர்ல ஒரு பூட்டுப் பட்டறையில அரம் பிடிச்ச ஆளு. புருசன் பொன்னழகு நெஞ்சுவலியில போய்ச் சேர்ந்ததும், ரெண்டு ஏக்கரும் கெணறும் ஆடுகளும் துப்பாக்கியும் அந்தம்மா தலையில விழுந்துச்சு. லைசென்ஸைப் பேருக்கு மாத்த ஒண்ணேகால் வருசம் ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குச்சு. ஒரு எடத்துல, "பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?"ன்னு கேட்டுருக்காங்க. "பன்னி ஆம்பளை காடு, பொம்பளை காடுன்னு பாத்தா சார் தின்னுது?"ன்னு திருப்பிக் கேட்டுச்சாம். கேட்டவரு வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாரு.

அந்தம்மாவை நான் ஒழுங்காப் பாத்தது மூணு வருசத்துக்கு முந்தின எலக்சன்ல. துப்பாக்கியை ஒப்படைக்க வந்துச்சு. முந்தின நாள் வெடிச்சது, குழலுக்குள்ள கரி அப்பிக் கெடக்கு, கழுவாமக் குடுக்க மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. எதுத்த டீக்கடையில கொதிக்கக் கொதிக்க ஒரு கேன் தண்ணி வாங்கியாந்து, புனலை வச்சு குழலுக்குள்ள மடமடன்னு ஊத்துனதைப் பாத்ததும் எனக்குப் பதறிப்போச்சு.

"ஏம்மா, கூறு கெட்டுப்போச்சா? இரும்புக்குள்ள தண்ணிய ஊத்துறியே, துருப் பிடிக்காது?"

"எல்லாரும் அப்படித்தான் ஏட்டய்யா சொல்றாக. சொல்லிட்டு சீமெண்ணெயைப் போட்டுத் தொடைக்கிறாக. கருமருந்து எதுல செய்யிறது? வெடியுப்புல. வெடிச்சு மிஞ்சுறதும் உப்புத்தான். சீமெண்ணெயில உப்புக் கரையுமா? வீட்டுல ரசத்துக்குப் பதிலா சீமெண்ணெயில உப்பைப் போட்டுக் கரைச்சுப் பாருங்க."

மொதல்ல வந்த தண்ணி மசி மாதிரி இருந்துச்சு. அழுகின முட்டை நாத்தம். ரெண்டாவது தடவை சாம்பலாட்டம். நாலாவதுக்குத் தெளிஞ்சு வந்துச்சு. கொதிச்ச தண்ணி பட்ட சூட்டுலயே குழல் செத்த நேரத்துல தானாக் காஞ்சிருச்சு. கம்பி நுனியில வெள்ளைத் துணியச் சுத்தி உள்ள விட்டு எடுத்து, துணியில கறை இல்லைன்னு எனக்குக் காட்டிட்டு, விளக்கெண்ணெயும் தேன்மெழுகும் சேத்துக் காய்ச்சுன பூச்சை உள்ளயும் வெளியயும் தடவுச்சு. சூடா இருக்கிறப்பத்தான் இரும்பு எண்ணெயைக் குடிக்குமாம். பல வருசமா அப்படித் தடவித் தடவி அந்தக் குழலே காப்பிக்கொட்டை நெறத்துக்கு வந்திருந்துச்சு.

அந்த எலக்சன் முடிஞ்சு மத்த பதினாறு பேரும் துருப் பிடிச்ச துப்பாக்கியை வாங்கிக்கிட்டு, ஸ்டேஷன் கட்டடம் ஈரம்னு எங்களைத் திட்டிட்டுப் போனாங்க. மாயம்மா குழலுக்குள்ள ஒரு கண்ணை வச்சுப் பாத்துச்சு, ரசீதுல கையெழுத்துப் போட்டுச்சு, போயிருச்சு. நியாயமா எனக்கு அப்பவே புத்தி வந்திருக்கணும்.

இந்தத் தடவை பார்லிமெண்ட் எலக்சன். பங்குனியிலயே பதினேழும் வந்துருச்சு. குடுக்கிறப்ப, "ஏட்டய்யா, மேல பழுப்பா இருக்கிறது துரு இல்ல, பூச்சு. கை வைக்காம விட்டாப் போதும்"னு அந்தம்மா சொல்லுச்சு. முன்னால ரசீதுக்கு நாலு பேரு நிக்கிறாங்க. நான் குனிஞ்ச தலை நிமிராம, "சரிம்மா, சரிம்மா"ன்னேன். காதுல விழுந்துச்சு. மண்டையில ஏறல.

வைகாசியில ஒரு நாள், பெரிய ஆபீசர் ஒருத்தர் பார்வையிட வாராரு, துப்பாக்கியெல்லாம் துருவாக் கெடந்தா மானம் போயிரும்னு இன்ஸ்பெக்டர் ஈஸ்வரன் சொன்னாரு. சுத்தமா வைங்கன்னுதான் சொன்னாரு, தேய்க்கச் சொல்லல. அது எம் புத்தி. ரெண்டு உப்புத்தாள் வாங்கியாந்தேன். மோசமாத் தெரிஞ்ச மூணை எடுத்தேன். அதுல ஒண்ணு மாயம்மாளோடது. எல்லாத்தையும் விட நல்லாப் பராமரிச்ச துப்பாக்கி என் கண்ணுக்கு எல்லாத்தையும் விடத் துருப்பிடிச்சதாத் தெரிஞ்சிருக்கு. பழுப்பெல்லாம் போயி வெள்ளிக் கம்பியாட்டம் பளபளங்கிற வரைக்கும் ஒரு மணி நேரம் தேய்ச்சேன். வேர்வைக் கையோட தேய்ச்சேன். எண்ணெய் கிண்ணெய் ஒண்ணும் போடாம ஸ்டாண்டுல சாத்துனேன். ஆபீசர் வந்தாரு, "குட்"ன்னாரு. எனக்கு வாயெல்லாம் பல்லு.

மத்த ரெண்டு துப்பாக்கிக்கும் நம்பர் பித்தளைத் தகட்டுல ஆழமா வெட்டியிருந்துச்சு. மாயம்மாளோடதுக்குக் குழல் மேலயே, அடிப்பக்கத்துல, லேசா அடிச்ச நம்பர். அது எங் கையோட போயிருச்சு. தேய்ச்சப்ப எனக்குத் தெரியல. ஆனி பொறந்து திருப்பிக் குடுக்கிற அன்னிக்கு லைசென்ஸைப் பிரிச்சு நம்பரை ஒத்துப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது. நம்பர் இருந்த எடத்துல ஆரஞ்சு நெறத்துல புதுத்துரு பூத்துக் கெடந்துச்சு. மாயம்மா அந்த எடத்தைக் கட்டைவிரலால தடவிப் பாத்துட்டு, "யாரு தேய்ச்சது?"ன்னு கேட்டுச்சு.

நம்பர் இல்லாத துப்பாக்கி சட்டப்படி கள்ளத் துப்பாக்கிக்குச் சமானம். லைசென்ஸ் போகும். நம்பரை அழிச்சதா நிரூபணமாச்சுன்னா ஜெயிலு. இன்ஸ்பெக்டர் என்னையப் பாத்தாரு. "வாங்கறப்ப நம்பர் இருந்துச்சா அருள்நாதன்?"

வாங்குனப்ப நான் குழலைப் பாக்கவே இல்ல. லைசென்ஸைப் பாத்து ரசீதுல எழுதுனேன், அம்புட்டுத்தான். அதையும் சொல்ல முடியாது, தேய்ச்சதையும் சொல்ல முடியாது. "கவனிக்கலைய்யா. வர்றப்பவே அப்படித்தான் இருந்திருக்கும்"னு சொல்லிட்டேன்.

அன்னிக்கே மாயம்மா கிட்ட வாக்குமூலம் வாங்குனோம். இன்ஸ்பெக்டர் கேக்க, நான் எழுதுறேன். "வேற துப்பாக்கியை மாத்தி வைக்கத்தானே நம்பரை அழிச்சே?"ன்னு அவரு கேக்குறாரு. அந்தம்மா பதறல. "அய்யா, துருவைப் பாருங்க. பழைய துரு கருத்து, இரும்போட ஒட்டிக் கெடக்கும். இது விரல்ல பொடியா வருது. மூணு வாரத்துக்கு மேல ஆகியிருக்காது. மூணு மாசமா இது எங்க இருந்துச்சு?"ன்னுச்சு. இன்ஸ்பெக்டருக்குத் துருவுல பழசு புதுசு எல்லாம் புரியல. "நான் தேய்க்கவில்லை"ன்னு மட்டும் எழுதி முடிக்கச் சொன்னாரு. எழுதுனேன். கையெழுத்துப் போடுறப்ப மாயம்மா என் கையையே பாத்துக்கிட்டிருந்துச்சு.

துப்பாக்கியைத் திருப்பிக் குடுக்காம நிறுத்தி வச்சாச்சு. அந்தம்மா தெனமும் பத்து மணி பஸ்ல வந்துரும். "கடலை காய் பிடிக்கிற நேரம் ஏட்டய்யா. சித்திரையில விதைச்சது. பன்னி எறங்குனா ஒரே வாரத்துல காலி. துப்பாக்கி குடுக்கலைன்னாலும் பரவாயில்ல, வெரட்ட ஒரு ஆளையாவது பாரஸ்ட்ல சொல்லி அனுப்புங்க." நான் மனு எழுதிக் குடுத்தேன். மனு எழுதுறதுல எனக்கு என்னைக்கும் கொறை வந்ததில்ல. தகரத்தைத் தட்டிப் பாத்துச்சாம், வேட்டு வாங்கிப் போட்டுப் பாத்துச்சாம். மூணாம் நாளே பன்னி பழகிருச்சுன்னு சொல்லுச்சு. இப்படி எட்டு நாளு. எட்டு நாளும் எங் கிட்டதான் வந்து நின்னுச்சு, எட்டு நாளும் நான் பேனாவை மூடி மூடித் தெறந்தேன். எம் பொண்ணு ஐரினை ஸ்கூல்ல விட்டுட்டு வர்றப்ப தெனமும் நெனப்பேன், இன்னிக்குச் சொல்லிருவோம்னு. ஸ்டேஷன் வாசல்ல வண்டியை நிறுத்துனதும் தைரியம் போயிரும். சஸ்பெண்ட் பண்ணிட்டா? இத்தனை வருச சர்வீஸு.

ஒம்பதாம் நாள் அந்தம்மா வரல. மேல விசாரணைக்கு வரச்சொல்லி ஒரு நோட்டீஸைக் குடுத்துட்டு வாங்கன்னு இன்ஸ்பெக்டர் என்னையவே அனுப்புனாரு. வண்டியை வரப்பு ஓரமா நிறுத்திட்டுப் பாத்தேன். கடலைக்காடு முழுக்க உழுது போட்ட மாதிரி கெடக்கு. ஒரு செடி நிக்கல. வேரோட பெரட்டி, காயை மட்டும் தின்னுட்டு, தோலைத் துப்பியிருக்கு. மாயம்மா குனிஞ்சு கடலைக்கொடியப் பொறுக்கிக் கட்டுக் கட்டிக்கிட்டிருந்துச்சு, ஆட்டுக்கு. ரெண்டு ஏக்கர்ல அந்தம்மாவுக்கு மிஞ்சுனது அதுதான்.

நோட்டீஸைப் பையிலயிருந்து எடுக்கவே இல்ல. "மாயம்மா, நான்தான் தேய்ச்சேன்"னேன்.

"தெரியும்"னுச்சு, நிமிராமலே.

"எப்படி?"

"பட்டறையில அரம் பிடிச்சவ நானு. குழல்ல கீறலெல்லாம் குறுக்கால கெடந்துச்சு. குறுக்கால தேய்க்கிறவன் வேலை தெரியாதவன். ஸ்டேஷன்ல வேற யாரு ஏட்டய்யா துப்பாக்கி ரூம்புச் சாவியை வச்சிருக்கா?"

"தெரிஞ்சும் ஏம்மா வாக்குமூலத்துல சொல்லல?"

அப்பத்தான் நிமிந்துச்சு. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு, தூக்கமில்ல. "எழுதுனது யாரு? நீங்க. ஒங்க பேரை நான் சொல்லி, அதை நீங்களே எழுதிருவீங்களா? எழுதுற ஆளாயிருந்தா நான் சொல்லாமலே எழுதியிருப்பீங்க."

நேரா வண்டியை எடுத்தேன். திரும்பி வந்து, எட்டு நாளா வராத எழுத்தை அரை மணி நேரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்ஸ்பெக்டர் மேசையில வச்சேன். அவரு படிச்சுட்டு, "மடையா"ன்னாரு. மெமோ வந்துச்சு, வாங்கிக்கிட்டேன். பயந்த மாதிரி சஸ்பெண்ட் எல்லாம் கெடையாது. அதை நெனச்சாத்தான் இப்பவும் எனக்குக் கேவலமா இருக்கு. பத்துப் பைசா பெறாத பயத்துக்கு ஒருத்தி காட்டையே காவு குடுத்திருக்கேன்.

ஆர்டர் வாங்கி, திண்டுக்கல்ல லைசென்ஸ் உள்ள கடையில புது நம்பர் அடிச்சு, ஆவணியில துப்பாக்கியைக் குடுத்தோம். மாயம்மா வந்துச்சு. நம்பரை லைசென்ஸோட ஒத்துப் பாத்துச்சு. குழலுக்குள்ள பாத்துச்சு, மொகம் சுளிச்சுச்சு.

"என்னைய மன்னிச்சிரு மாயம்மா"ன்னேன். ஸ்டேஷன்ல எல்லாரும் கேக்கத்தான் சொன்னேன்.

"மன்னிக்கிறது கெடக்கட்டும் ஏட்டய்யா. வேற எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா அவன் மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன். ஆனா அடுத்த எலக்சன் வந்தாலும் இதை நான் கொண்டாந்து ஒங்க கையிலதான குடுக்கணும்? வேற எடமே இல்லையே எனக்கு. அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது."

ரசீதுல கையெழுத்துப் போட்டுச்சு. துப்பாக்கியைச் சாக்குல சுத்தி எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாப்பைப் பாத்து நடந்துச்சு.