பெத்தவன் சொன்ன தேதி

தொண்ணூறுகளின் கடைசியில் என்னிடம் ஒரு கிரெடிட் கார்டு இருந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கோயமுத்தூரில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டருக்கு டை கட்டிக்கொண்டு வந்த ஒருவர் நீட்டிய படிவத்தில், வீம்புக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கியது. அப்பாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். காங்கேயத்தில் எண்ணெய் மில் நடத்திய காலத்திலேயே கடன் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற மனிதர். மில்லை விற்றுவிட்டுக் கோயமுத்தூருக்குக் குடிவந்த பிறகும் அந்தக் குணம் மாறவில்லை.

கார்டைவிடப் பெரிய ரகசியம் இன்னொன்று இருந்தது. அமெரிக்காவில் மேல்படிப்புக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்திருந்தேன். சத்தியமங்கலம் பக்கமிருந்து ஒரு வரன் வந்து, அப்பா பாதிச் சம்மதம் சொல்லியிருந்த நேரம். இப்போது படிப்புப் பேச்சை எடுத்தால், “கல்யாணத்தை முடிச்சுப்போட்டு அப்பறம் படி கண்ணு” என்று அன்பாகவே கதவைச் சாத்திவிடுவார். கோபப்படுகிறவர்களோடு எனக்கு நன்றாகச் சண்டை போடத் தெரியும். அன்பாகப் பேசுகிறவரிடம் என்ன செய்வது? இடம் கிடைத்துக் கடிதம் கையில் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

விண்ணப்பக் கட்டணத்தை இணையத்திலேயே கட்டலாம் என்று போட்டிருந்தார்கள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தேன். கார்டின் பதினாறு எண்களையும் ஒரு கட்டத்தில் அடிக்கச் சொன்னது. தெரிந்த நகைக்கடையிலேயே ரசீதை மூன்று தடவை படித்துப் பார்க்கிற பரம்பரை நாங்கள். இங்கே வாங்குகிறவன் முகமும் தெரியாது, குரலும் தெரியாது. திரையின் அடியில் கடுகளவு ஒரு பூட்டுப் படம் தெரிந்தது. அது இருந்தால் பயமில்லை என்று பத்திரிகையில் படித்திருந்தேன். கடுகைப் பார்த்து எவ்வளவு நேரம் தைரியமாக இருக்க முடியும்? துப்பட்டாவால் திரையை மறைத்துக்கொண்டு, ஒரு எண்ணுக்கு ஒரு முறை முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்து, அடித்து முடித்தேன்.

பொத்தானை அழுத்தியதும் லைன் அறுந்துவிட்டது. பணம் போனதா, போகவில்லையா, நடுவழியில் எவனாவது பிடித்துக்கொண்டானா, ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. விண்ணப்பத்துக்கு மறுநாளோடு கெடு முடிகிறது என்ற நிலையில், காலையில் பாய் வாசலில் வந்து நின்றார்.

பாய் எங்கள் தெருமுனையில் ஸ்கூட்டருக்கு ரெக்சின் சீட் தைக்கிறவர். எங்கள் வீட்டில் போன் இல்லை. கார்டுக்கு எழுதிக் கொடுத்தபோது, ஊரே செய்வதைப் போல, அவர் கடை எண்ணைப் போட்டுப் பக்கத்தில் பி.பி. என்று எழுதியிருந்தேன். கூப்பிட்டால் அவர் வந்து சொல்லிவிடுவார். அதே கடையில்தான் அப்பா தினமும் காலையில் பேப்பர் படிப்பார் என்பது எழுதும்போது புத்தியில் உறைக்கவில்லை.

“அம்மணி, பேங்குலருந்து உங்களைக் கேக்கறாங்க. லைன்லயே இருக்கறாங்க. நீங்க வர்ற வரைக்கும் அப்பாதான் பேசிட்டு இருக்கறாருங்க” என்றார் பாய்.

ஓடினேன். கடைக்கு வெளியிலேயே அப்பாவின் குரல் கேட்டது.

“பெத்தவன் சொல்றேனுங்க! பங்குனியில பொறந்த புள்ளைங்க அது. மார்ச்சு இருவத்தாறு. நாந்தானுங்க ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன். தப்புன்னா அது எப்படீங்க தப்பாகும்?”

எனக்கு விஷயம் புரிந்தது. ஆளைச் சரிபார்க்கப் பிறந்த தேதி கேட்டிருக்கிறார்கள். அப்பா உண்மையைச் சொல்லிவிட்டார். கார்டில் இருப்பது என் பள்ளிக்கூடத் தேதி, முந்தின வருஷத்து ஜூன் ஒன்று. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பத்தவில்லை என்று ஹெட்மாஸ்டர் தாமே போட்டுக்கொண்டது. எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். எல்லாம் ஹெட்மாஸ்டர் பெற்றெடுத்த பிள்ளைகள்.

அப்பா கையிலிருந்து ரிசீவரை வாங்கி ஜூன் ஒன்று என்றேன். அந்தப் பக்கம் பேசிய பெண்ணின் குரல் உடனே கனிந்துவிட்டது. பெற்றவர் சொன்ன நிஜத்தை நம்பாத பேங்க், வாத்தியார் எழுதிய பொய்யைக் கேட்டு நன்றி மேடம் என்றது. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

பிறகு அந்தப் பெண் கேட்டாள்: இந்தக் கார்டிலிருந்து வெளிநாட்டுக்கு ஒரு பணம் போகக் காத்திருக்கிறது, கட்டியது நீங்கள்தானா, இல்லையென்றால் இப்போதே நிறுத்திவிடுகிறோம்.

அப்பா ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். இல்லை என்றால் போதும், என் ரகசியம் பிழைத்துவிடும். ஆனால் படிப்பு அந்த வருஷத்துக்கு அதோடு முடிந்துபோகும். பாய் தையல் மிஷினுக்கு நூல் கோக்கிறவரைப்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நான்தாங்க கட்டுனேன். அமெரிக்காவுல படிக்கறதுக்கு” என்றேன். முதல் வாக்கியம் பேங்குக்கு. இரண்டாவதை அந்தப் பெண் கேட்கவே இல்லை.

ரிசீவரை வைத்தேன். அப்பா பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

“பணம் போய்ச் சேந்துருமா?” என்று திரும்பாமலே கேட்டார்.

“சேந்துருமுங்கப்பா.”

கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்றார்.

“மொகந்தெரியாத கம்ப்யூட்டரை நம்பி நம்பரெல்லாம் குடுத்துப்போட்ட. எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன பயம் கண்ணு?”

“வேண்டாம்னு சொல்லிருவீங்கன்னுதானுங்கப்பா.”

“சொல்லியிருப்பேன்” என்றார். “நீ ரெண்டு நாள் அழுதிருப்ப. மூணாம் நாளு நானே கூட வந்து கட்டியிருப்பேன்.”

நடுத்தெருவென்றும் பாராமல் அழுதுவிட்டேன். “சத்தியமங்கலத்துக்காரங்களுக்கு நான் சொல்லிக்கறேன், நீ ஊட்டுக்கு நட” என்றார் அப்பா.