கொக்குக் காலில் நின்ற சனிக்கிழமை

அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. மாரிச்செல்வத்தின் மூக்குக்கு நேராக நான் குத்திய வலது கை குத்தியபடியே அந்தரத்தில் நிற்க, அவன் அதை மணிக்கட்டால் ஒதுக்கிவிட்டு, விரல்களைக் கொக்கின் அலகு போலக் குவித்து, என் கழுத்தில் ஒன்று, விலாவில் ஒன்று, கண்ணோரம் ஒன்று என்று நிதானமாக மூன்று கொத்துக் கொத்தினான். அதுவரைக்கும் தோள் கடுக்க, முழங்கையில் வியர்வை சொட்ட, நான் சிலை மாதிரி நின்றிருந்தேன். அப்போதுதான் அந்தச் சந்தேகம் முதன்முதலாக எனக்குள் புகுந்தது. அடிக்க வந்தவன் எதற்காகக் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறான்? மூன்று கொத்து வாங்கும்வரை அவனுக்கு வேறு சோலி இல்லையா?

அது இரண்டாயிரத்து இரண்டு. நானும் மாரியும் சிவகாசியில் ஒன்பதாம் வகுப்பு. ஒரு ஆப்செட் அச்சகத்தின் பேப்பர் குடோனில் ஞாயிறுதோறும் தங்கராசு மாஸ்டர் குங்ஃபூ சொல்லிக்கொடுத்தார். மற்ற ஆறு நாளும் அதே அச்சகத்தில் அவர் பைண்டிங் பார்ப்பவர். புலி, பாம்பு, குரங்கு, கும்பிடுபூச்சி, கொக்கு என்று ஐந்து ஸ்டைல்களையும் அவரே படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். வரைந்தது எல்லாம் கழித்துப்போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில். காற்றில் தாள் புரளும்போது புலி ஸ்டைலுக்குப் பின்னாலிருந்து, கலர் விலகிப்போய் இரண்டு மூக்கோடு அச்சாகியிருந்த மகாலட்சுமி எட்டிப் பார்ப்பாள். நாங்கள் குத்திப் பழகியதும் தாள் பண்டல்களைத்தான். பண்டல் திருப்பி அடிக்காது என்பது எனக்கு அன்றுவரை பெரிய விஷயமாகப் படவில்லை.

சந்தேகம் வந்த பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம். வாடகைக்கு எடுத்து வந்த சி.டி.க்களில் முப்பது பேர் ஒருவனை அடிக்க வருவார்கள். ஆனால் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருத்தன் விழுந்த பிறகுதான் அடுத்தவன் வருவான். பின்னால் நிற்கிறவர்கள் தங்கள் முறை வரும்வரை கையை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். முன்பு வாய் பிளந்து பார்த்த அதே சி.டி.யை இப்போது ஓரத்தில் நிற்கிறவர்களை மட்டும் பார்ப்பதற்காகப் போட்டேன்.

உண்மையான சண்டை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, புவியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதத் தொடங்கினேன். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரும் ஒரு பயணியும் சில்லறைக்காக மோதிக்கொண்டது, தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் குடத்தோடு நின்றது, பள்ளிக்கூட மாடிப்படியில் பதினொன்றாம் வகுப்பு அண்ணன்கள் உருண்டது என்று கண்ணில் பட்டதை எல்லாம் எழுதினேன். எந்தச் சண்டையிலும் முதல் ஆயுதம் வாய்தான். பிறகு சட்டைக் காலர். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே விழுவது. யாராவது ஒருவர் "இங்கனயே நில்லுலே, எங்க அண்ணனக் கூட்டிட்டு வாரேன்" என்று போவார், திரும்பி வரமாட்டார். இரண்டடி பின்னால் போய், மூச்சை இழுத்து, ஒரு மிருகத்தையோ பறவையையோ தேர்ந்தெடுத்து நின்றவர் ஒருவர்கூட இல்லை.

நோட்டை மாரியிடம் காட்டினேன்.

"ஏலே, சீனாவுல இது ஆயிரம் வருசமா இருக்கு. அம்புட்டுப் பேரும் முட்டாப் பயகளா?" என்றான்.

"சீனாக்காரன் குத்திட்டுக் கையத் திருப்பி இழுக்கவே மாட்டானா?"

"இழுக்கதுக்குள்ள நாம மூணு கொத்து கொத்திருவோம்லே."

"அப்பக் கொத்து, பாப்போம்."

குத்தினேன். உடனே கையை இழுத்துக்கொண்டேன். என் கை இருந்த இடத்தில் காற்று இருந்தது. மாரி அந்தக் காற்றை அழகாக ஒதுக்கினான். அதற்குள் நான் குனிந்து ஓடி அவன் இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொள்ள, இருவரும் தாள் பண்டலின் மேல் விழுந்தோம். மாரி எழுந்து பனியனைத் தட்டிவிட்டு, கொஞ்சமும் தளராமல் சொன்னான்: "நீ தப்பாக் குத்துற."

வழக்கு மாஸ்டரிடம் போனது. அவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "மாரி சொல்றதுதான் சரி. முறையாக் குத்துனாத்தான முறையாத் தடுக்க முடியும்?" என்றார்.

"பஸ் ஸ்டாண்டுல அடிக்க வாரவன் எந்த மாஸ்டர்ட்ட முறை படிச்சிட்டு வருவான், மாஸ்டர்?"

குடோனே சிரித்தது. அதற்குத் தண்டனையாக, வகுப்பு முடியும்வரை குதிரை மேல் உட்கார்ந்தது போல முழங்காலை மடக்கி, தொடை கடுக்க, நான் சுவர்ப்பக்கம் பார்த்தபடி நின்றேன். மாரி மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த காசி என்பவன், சாயங்காலம் சைக்கிளில் எங்களைக் கடக்கும்போதெல்லாம் மாரியின் பொடனியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவான். காரணம் எதுவும் கிடையாது. மாரியின் கழுத்து மெலிந்து நீண்டிருக்கும். அதுதான் காரணமாக இருக்க வேண்டும். நான் கூட இருந்தாலும் எனக்கு விழாது. ஆறு மாதமாக வாங்கிக்கொண்டிருந்த மாரி, அந்த வாரம் காசியை நிறுத்தி, சனிக்கிழமை மத்தியானம் பொட்டலுக்கு வரச் சொல்லிவிட்டான். கொக்கு ஸ்டைலில் அவனைச் சந்திக்கப் போகிறானாம்.

காசியின் முன்னங்கை என் கெண்டைக்கால் பருமன் இருக்கும். அவன் முறையாகக் குத்தப்போவதில்லை. குத்திவிட்டுக் கையை நீட்டியபடி காத்திருக்கப் போவதுமில்லை. மாரியின் முன்பல்லோ மூக்கோ போகப் போவது சனிக்கிழமை. அது எனக்குத் தெரிந்தது புதன்கிழமை. "வேண்டாம்லே" என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்குப் பயம். உன் நோட்டுக்கும் பயம்" என்றான்.

வேறு வழியில்லாமல் அவன் அம்மாவிடம் சொல்லப் போனேன். தாயம்மாள் அத்தை விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். கம்பெனி வேனிலிருந்து இறங்கி, முழங்கைவரை ஒட்டியிருந்த வெள்ளி நிறப் பவுடரோடு வந்தவர், நான் சொன்னதைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"எவன், எம்மவனா சண்டைக்குப் போறான்? எறும்பு வந்தா வழி விட்டு நிக்கிற பயலே அவன்."

"இல்ல அத்தே, நெசமாத்தான். காசிகூட."

சிரிப்பு நின்றது. "எந்தக் காசி? பாக்கியம் மகனா? அவ எங்கூட ஒரே ரூம்லலே இருக்கா."

பட்டாசு வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வெடிமருந்து கலக்குகிற அறையில் கூட்டம் கூடாது. அத்தையின் கம்பெனியில் ஓர் அறைக்கு நான்கே பேர். காலை முதல் மாலைவரை அந்த நான்கு பேரும் முகத்தைப் பார்த்தபடி, கை பதறாமல் வேலை செய்ய வேண்டும். வீட்டுச் சண்டை, புருசன் சண்டை, பிள்ளைச் சண்டை எதுவும் அந்த வாசலுக்கு வெளியே. தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது என்பது கம்பெனி போட்ட சட்டம். கோபத்தைக் கொண்டுபோகக் கூடாது என்பது பெண்கள் தாங்களாகப் போட்டுக்கொண்ட சட்டம்.

"காலையிலேயே அவட்ட போயி, உம்மவன் எம்மவன அடிக்கான்னு சொன்னா, அன்னைக்குப் பூரா ரெண்டு பேருக்கும் கை ஒரு நிலையில நிக்குமா? கோவத்தோட மருந்துல கை வைக்கக் கூடாதுய்யா. சனிக்கிழமை வேலை முடிஞ்சு வேன்ல வரும்போது சொல்லுதேன்" என்றார் அத்தை. ஞாயிறு லீவு, கோபம் ஆறிவிடும் என்பது கணக்கு.

சண்டை மத்தியானம், வேன் வருவது சாயங்காலம் என்று சொன்னேன். "அதுக்கு நான் என்னய்யா செய்ய? போகாதன்னா வீம்புக்குன்னே போவான். நீ கூடப் போயிப் பிடிச்சு வெலக்கு" என்றார்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை கருவேல மரங்களுக்கு நடுவே இருந்த பொட்டலில் நானும் நின்றேன். காசி சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சட்டைக் கையைக்கூட மடிக்காமல் வந்தான். மாரி இரண்டடி பின்னால் போனான். மூச்சை இழுத்தான். இடது காலைத் தூக்கி மடக்கி, இரண்டு கைகளையும் சிறகு போல விரித்து, விரல்களைக் குவித்து நின்றான். நியாயமாகச் சொல்ல வேண்டும், ஆடாமல் நின்றான்.

காசி அவனை மேலும் கீழும் பார்த்தான். "என்னலே, ஒண்ணுக்கு வருதா? மரத்துப் பக்கம் போயித் தூக்குலே காலை."

மாரி கண்ணைச் சிமிட்டவில்லை. காசி கிட்டே வந்து, வழக்கமான தட்டுக்காகக் கையை ஓங்கினான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

எங்கள் ஊரில் சத்தம் புதிதில்லை. சாம்பிள் வெடிப்பார்கள், கல்குவாரியில் பாறை உடைப்பார்கள், கல்யாணத்துக்கு நூறடிச் சரம் போடுவார்கள். தொட்டில் பிள்ளைகூட எழுந்திருக்காது. ஆனால் ஒரு சத்தம் உண்டு. அது காதுக்கு வருமுன் தரை வழியாக உள்ளங்காலுக்கு வரும். வந்த பிறகு ஒரு கணம் ஊரில் வேறெந்தச் சத்தமும் இருக்காது. மூன்று பேரும் ஒரே திசையில் திரும்பினோம். விஸ்வநத்தம் பக்கம் சாம்பல் நிறத்தில் புகை எழுந்துகொண்டிருந்தது.

"ஏறுலே!" என்றான் காசி. சைக்கிளை நிமிர்த்தி அவன் மிதிக்கத் தொடங்குவதற்குள் மாரி பின்னால் தொற்றிக்கொண்டான். நான் பின்னாலேயே ஓடினேன். வழியெல்லாம் சனங்கள் ரோட்டுக்கு வந்து ஒருவரை ஒருவர் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "எந்தக் கம்பெனி?" யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு அம்மாக்களும் வேலை பார்த்த கம்பெனிதான். ஆனால் அறைகள் அப்படியே இருந்தன. கோடியில் கழிவு மருந்தை எரிக்கிற குழியில் ஏதோ சேர்ந்து வெடித்திருந்தது, பக்கத்தில் ஆளில்லை. பெண்கள் செருப்பில்லாமல் ரோட்டோரம் நின்றிருந்தார்கள். தாயம்மாள் அத்தையும் பாக்கியமும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் பிடித்திருந்தார்கள். ஒரே சைக்கிளில் வந்து விழுந்த இரண்டு மகன்களையும் பார்த்துவிட்டு பாக்கியம் கேட்டார்: "ஏலே, ரெண்டு பேரும் கூட்டாளிகளா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், "ஆமா" என்றார்கள்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த என்னை அத்தை ஒரு பார்வை பார்த்தார். கோள்மூட்டிப் பயலே என்பதுதான் அதன் பொருள். அந்த வீட்டில் ஒரு வருடம் எனக்கு அந்தப் பெயர் இருந்தது.

காசி அதற்குப் பிறகு மாரியின் பொடனியைத் தொடவில்லை. சைக்கிளில் கடக்கும்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவான். இரண்டு அம்மாக்களின் கைகளையும் சேர்த்துப் பார்த்தவன் பிறகு எப்படி அடிப்பான் என்பது என் முடிவு. மாரியின் முடிவு வேறு.

"பாத்தியாலே? ஓங்குன கைய இறக்கவே இல்ல. கொக்கு வேலை செஞ்சிருச்சு."

"வெடிச் சத்தம் கேட்டுச்சுலே, கூமுட்ட!"

"கை நின்னுச்சு. அப்புறந்தான் சத்தம் கேட்டுச்சு" என்றான் மாரி, சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொல்வது போல.

ஏழு வருடம் ஆகிவிட்டது. நான் கோயம்புத்தூரில் பொறியியல் கடைசி வருடம். கல்லூரியில் குத்துச்சண்டை பழகி, கையை நீட்டியபடி நிற்காதவர்களிடம் நிறைய வாங்கியிருக்கிறேன். கண்ணை மூடாமல் அடி வாங்குவது எவ்வளவு கடினம் என்பது அங்கேதான் தெரிந்தது. லீவுக்கு வந்தபோது பார்த்தேன்: பேப்பர் குடோன் இருந்த இடத்தில் பைக் ஷோரூம் நிற்கிறது. தங்கராசு மாஸ்டர் மகளோடு திருப்பூர் போய்விட்டார். மாரிச்செல்வம் இப்போது மாரி மாஸ்டர். ஒரு மண்டபத்தின் மொட்டை மாடியில் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அதில் என் அக்கா மகள் கார்த்திகாவும் ஒருத்தி.

முதல் வகுப்பிலேயே அவன் அந்தப் பொட்டல் கதையைச் சொல்வானாம். கார்த்திகா அதை நடித்தே காட்டினாள். பெரிய ரவுடி வருகிறான், மாஸ்டர் கொக்கு போல நிற்கிறார், ரவுடி கை ஓங்குகிறான், கை அப்படியே நிற்கிறது, ரவுடி மாஸ்டரைத் தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறான். கதை முடிந்தது. அந்தச் சத்தத்தைக் காணோம். புகையைக் காணோம், செருப்பில்லாமல் நின்ற பெண்களைக் காணோம்.

"பஸ்ல ஒருத்தன் கூட்டத்துல இடிச்சுக்கிட்டே வாரான் மாமா. நாளைக்கும் வந்தா கொக்கு நிக்கப் போறேன்" என்றாள் அவள். எட்டாம் வகுப்புப் பிள்ளை. அவளைக் கண்டக்டருக்குப் பின்னால் உட்காரச் சொல்லி, இரண்டு நாள் நானே பஸ்ஸில் கூடப் போய் வந்தேன். ஆள் வரவில்லை. நான் கோயம்புத்தூருக்குக் கிளம்பிய பிறகு வருவான்.

அது வேலை செய்யாது என்று அவளிடம் ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தபோதுதான் என் நினைவிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. பொட்டலை மனதுக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் சில தடவை சத்தத்துக்குப் பின்னால் கை நிற்கிறது. சில தடவை, எனக்குப் பிடிக்காவிட்டாலும், அதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. சிரித்துக்கொண்டு வந்தவனை, ஒற்றைக் காலில், கண் சிமிட்டாமல் ஒருத்தன் பார்த்துக்கொண்டே நின்றால், யாருக்குத் தெரியும்? மாரி கதையை மாற்றிக்கொண்டது போல நானும் என் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம்.

அந்தக் கை எதனால் நின்றது என்று நிச்சயமாகத் தெரிந்தவர் ஒருவர்தான். காசி இப்போது சாத்தூரில் லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறார். தீபாவளி லோடு கிளம்புகிற சீசன். ஆளைப் பிடிப்பது கஷ்டம் என்றார்கள். பரவாயில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குப் போகிறேன். மாரி சொல்கிற கதையை முதலில் சொல்லிவிடக் கூடாது. நான் நினைப்பதையும் சொல்லிவிடக் கூடாது. "காசியண்ணே, அன்னைக்கு ஏன் அடிக்கல?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் எதைச் சொன்னாலும் குறுக்கே பேசாமல் நிற்க வேண்டும். எனக்கு அதுதான் வராது. பழகிப் பார்க்கிறேன்.