பின்னல் நூலும் தங்கூசியும்

அக்கா மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். போன வாரம் போன் செய்து, "மாமா, தூண்டில் வாங்கப் போறேன். பிரெய்டு வாங்கவா, மோனோ வாங்கவா?" என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ மாத்திரையின் பெயர் என்று நினைத்து, "உடம்புக்கு என்னடா?" என்று பதறிவிட்டேன். சிரித்துக்கொண்டே படம் அனுப்பினான். ஒன்று, பல புரிகளைச் சேர்த்துப் பின்னிய பச்சை நூல். இன்னொன்று, ஒரே இழையாகக் கண்ணாடி போலப் பளபளக்கும் நைலான் நரம்பு. அட, நம்முடைய பின்னல் நூலும் தங்கூசியும்! "நீங்கதான் மில்லுல நூல டெஸ்ட் பண்ணுன ஆளாச்சே, நீங்களே சொல்லுங்க" என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ ஏரிக்குப் போகிறானாம். மீனைப் பிடித்து, போட்டோ எடுத்துவிட்டு, மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவானாம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். இன்னும் சொல்லவில்லை.

நான் என்னத்தைச் சொல்ல? ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலை ஒட்டிய தெருவில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் மச்சாவதாரம் தவிர வேறு மீனைப் பற்றிப் பேச்சே கிடையாது. அப்படிப்பட்டவன் கண்மாய்க் கரையில், தூண்டில் இரைக்கான தவளைக் குஞ்சுகள் குதிக்கும் பவுடர் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி நின்ற காலம் ஒன்று இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் கிணற்றடியிலேயே நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றியிருப்பாள்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு லேபில் வேலை. விடிகாலை பஸ்ஸில் கிளம்பிப் போய் மில்லுக்குள் நுழைந்ததும் ஒரு வாசம் வந்து மூக்கில் உட்காரும். ஈரப் பஞ்சும் மெஷின் எண்ணெயும் சூடான இரும்பும் சேர்ந்த வாசம். வேறு எங்கும் அதை நான் முகர்ந்ததில்லை. மேலேயிருந்து பனி போலத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். இல்லாவிட்டால் நூல் அறுந்துபோகும். நூல் அறக்கூடாது என்று ஆயிரம் பேர் பாடுபட்ட இடத்தில், நூலை எடுத்து மெஷினின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் மாட்டி, அது அறும் வரை இழுத்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. "அறுக்கிறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நம்ம சாமிதான்யா" என்பான் குருசாமி.

குருசாமி கோன் வைண்டிங்கில் இருந்தான். என் வயதுதான். கோனில் சுற்றும்போது நூல் அறுந்தால் இரண்டு நுனிகளையும் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் என்னவோ செய்வான். முடிச்சு விழுந்துவிடும். கடுகை விடச் சின்ன முடிச்சு. அதை மில் முடிச்சு என்போம். அந்தப் பிரிவில் எல்லாரும் போடுவதுதான், ஆனால் அவன் கை கொஞ்சம் அதிக வேகம். நாள் முழுக்க அதையே போட்டுப் போட்டு, மில்லுக்கு வெளியிலும் அவனுக்கு வேறு முடிச்சு வராது. மிக்சர் பொட்டலத்துக்கும் அதுதான், செருப்பு வாருக்கும் அதுதான். கல்யாணத்தில் தாலி கட்டும்போதும் மூன்றும் மில் முடிச்சுத்தான் போட்டான் என்று அவன் பெண்டாட்டி பாக்கியத்தின் முன்னாலேயே கேலி செய்வோம். "அதான் இம்புட்டு எறுக்கமா இருக்கு" என்பாள் அவள்.

பாக்கியம் தளவாய்புரத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் எங்கள் மில்லிலேயே ரீலிங்கில் வேலை பார்த்தவள். நான் அவர்கள் வீட்டுக்குப் போனால், "எங்க வீட்டுச் சட்டியெல்லாம் கருவாடு மணக்கும் சாமி, ஒங்களுக்கு ஆகாது" என்று கடையிலிருந்து கலர் வாங்கிவரச் சொல்லுவாள். அந்தச் சிவப்புக் கலரை எனக்குப் பிடிக்காது. அவள் சிரிப்புக்காக முழு பாட்டிலையும் குடித்துவிட்டு வழியெல்லாம் ஏப்பம் விட்டுக்கொண்டே வருவேன்.

அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு சோறு இறங்கவில்லை. கஞ்சி வைத்தால் குமட்டும், பால் உள்ளே போனதும் வெளியே வரும். நான் ஊரிலிருந்து பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். வாசம் பட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதையாவது சாப்பிட வைத்தால்தான் உடம்பு தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதையாவது என்றால் எதை? குருசாமி ஒவ்வொரு பண்டமாகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பான், அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் அவளே வாயைத் திறந்து, "விரால் கொழம்பு இருந்தா ஒரு வாய் திம்பேன்" என்றாள்.

விரால் மீன் புண்ணை ஆற்றும் என்று அந்தப் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் கிடைக்க வேண்டுமே. சந்தையில் கெண்டையும் ஜிலேபியும் கூடை கூடையாக இருக்கும். விரால் எப்போதாவது வரும், வந்த சுவடு தெரியாமல் பெரிய வீடுகளுக்குப் போய்விடும். குருசாமி வத்திராயிருப்பு வரை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தான். மாமனார் ஊரில் சொல்லி வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. "நாமளே பிடிச்சிருவோம் சாமி. மேற்க கண்மாயில தாமரைக் கொடிக்குள்ள கெடக்கு, நான் பாத்திருக்கேன்" என்றான். எங்கள் மில்லுக்கு வியாழக்கிழமை வார விடுமுறை. தெரிந்தவர் குத்தகைக்கு எடுத்த கண்மாய்தான், தூண்டில் போட்டால் கண்டுகொள்ள மாட்டார்.

தூண்டிலுக்கு நூல் பாக்கியமே பின்னினாள். மில்லில் கழித்துப்போட்ட நூலை அவன் கொண்டுவர, படுக்கையில் சாய்ந்தபடி, தலைமுடி பின்னுவது போல நான்கு புரியாகப் பின்னினாள். நடுநடுவே கை சோர்ந்துவிடும். செத்த நேரம் படுத்துவிட்டு மறுபடி எடுப்பாள். நோய்க்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தது அந்த நாட்களில்தான். நூல் விறைப்பாக நின்றால் தூரமாய்ப் போய் விழும் என்று குருசாமி அதைச் சோற்றுக் கஞ்சியில் முக்கி வெயிலில் காயப்போட்டான். நெசவுப் பாவுக்குக் கஞ்சி போடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? முதல் வியாழக்கிழமை அந்த நூலைத் தண்ணீரில் போட்டதும் கண்மாயிலிருந்த பொடிமீன் அத்தனையும் விருந்துக்கு வந்துவிட்டது. தவளையைச் சீண்டக்கூட ஆளில்லை. கஞ்சி தோய்ந்த நூலை மேலிருந்து கீழ்வரை மென்றன. நண்டும் வந்தது. நாங்கள் நூலை இழுத்தபோது அங்கங்கே பஞ்சு பிரிந்து தொங்கியது. "ஏலே, ஒங்களுக்குச் சோறு போடவாடா வந்தேன்?" என்று குருசாமி தண்ணீரைப் பார்த்துத் திட்டினான். சிரித்தோம். சிரித்துவிட்டு வெறுங்கையோடு அவள் முன்னால் போய் நின்றோம்.

அவள் கெட்டுப்போன இடத்தைப் பிரித்து மறுபடி பின்னினாள். இந்த முறை கஞ்சி இல்லை.

இதற்கிடையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் கயிற்றுக்கடை வைத்திருந்தவரிடம் நான் விசாரித்தேன். "விரால் விவரமான மீனு தம்பி. நூலக் கண்டா ஒதுங்கிரும். தங்கூசி தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாது" என்று ஒரு சுருள் கொடுத்தார். குருசாமி அதை இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இது ரப்பரு மாதிரி இழுபடுது சாமி. விரால் வாயி கெட்டி. வெடுக்குன்னு இழுத்தாத்தான் முள்ளு ஏறும்." அவன் சொன்னதும் சரி, கடைக்காரர் சொன்னதும் சரி. ஒரு வாரம் மில் கேண்டீனில் இதே பேச்சு. நாங்கள் இரண்டு பேரும் ஏதோ நாட்டுக்குச் சட்டம் எழுதுகிறவர்கள் போல வாதாடினோம். கடைசியில் இரண்டையும் லேபுக்குக் கொண்டுபோய், மேலதிகாரி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் என் மெஷினில் மாட்டினேன். பின்னல் நூல் நன்றாகவே தாங்கியது. தங்கூசியை எத்தனை தரம் மாட்டினாலும் தாடையை விட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, அறுபடவே இல்லை. "பாத்தீகளா, ஒங்க மெஷினே தோத்துப்போச்சு" என்றான் குருசாமி. அவன் மனம் அந்த இடத்தில்தான் தங்கூசிப் பக்கம் சாய்ந்தது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் பெண்டாட்டி பின்னியதை ஒதுக்க மனம் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். பாக்கியம் கண்ணை மூடியபடியே, "நான் பின்னுனதுங்கிறதுக்காக அதக் கட்டாதீக. எதுல மீன் வருமோ அதக் கட்டுங்க" என்றாள். அவன் தங்கூசியைக் கட்டினான்.

மறுநாள் காற்றே இல்லை. தண்ணீர் தெளிந்திருந்தது. முதல் வீச்சில் முள் தாமரைக் கொடியில் மாட்டிக்கொண்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி விடுவித்தான். இரண்டாவது வீச்சில் கரைக்கல்லில் உரசித் தங்கூசி அறுந்தது. குருசாமி இரண்டு நுனிகளையும் எடுத்தான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல். முடிச்சு விழுந்தது. மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு மறுபடி வீசினான். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் அந்த விரல்கள் எவ்வளவு அழகாக வேலை செய்தன என்றுதான் தோன்றுகிறது.

வெயில் ஏறியபோது தக்கை ஒரேயடியாக உள்ளே போனது. குருசாமி இழுத்தான். மீன் கொடிக்குள் போகப் பார்த்தது, விடவில்லை. மெல்ல மெல்லக் கரைக்குக் கொண்டுவந்தான். கருத்த முதுகு, பாம்புத் தலை. முழங்கை நீளம் இருக்கும். நான் டப்பாவைக் கீழே போட்டுவிட்டு, "பெருமாளே, பெருமாளே" என்று கத்தினேன். ஒரு உயிரைக் கொல்வதற்குப் பெருமாளைக் கூப்பிடுகிறோமே என்று அப்போது தோன்றவே இல்லை. குருசாமி தண்ணீரில் இறங்கிக் குனிந்து ஒரு கையை மீனின் தலையில் வைத்தான். அந்த நேரத்தில் மற்றக் கையிலிருந்த தங்கூசி தொய்ந்தது. விராலின் வழவழப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு கையாலும் தண்ணீரோடு சேர்த்து அணைத்துப் பார்த்தான். போய்விட்டது.

கரையேறி வந்து தங்கூசியின் நுனியை வெயிலில் தூக்கிப் பார்த்தான். நுனி சுருண்டு இருந்தது. "அறுந்துபோகல சாமி. முடிச்சு அவுந்துருச்சு" என்றான். பஞ்சு நூலில் சொரசொரப்பு உண்டு, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இதில் கவ்வ என்ன இருக்கிறது? அங்கேயே உட்கார்ந்து இரண்டு துண்டுகளை எடுத்து மறுபடி முடிந்தான். இழுத்தான். உருவிக்கொண்டு வந்தது. மறுபடியும் முடிந்தான். "வேற மாதிரி போடு குருசாமி" என்றேன். "போடணும்னுதான் நெனைக்கேன். கை அதையேதான் போடுது" என்றான். அவன் கண்ணில் நீர் இறங்கியது. என் கண்ணிலும்தான். ஒருவரையொருவர் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டோம்.

திரும்பி நடக்கும்போது அவளிடம் என்ன சொல்வது என்று கேட்டான். பின்னல் நூலைக் கட்டிப் போயிருந்தால் மீன் நின்றிருக்கும் என்று தெரிந்தால் அவள் மனசு ஆறாது. பின்னல் நூல் அறுந்தது என்று பொய் சொன்னால் அதைவிட மோசம். ஒரு மீனும் கடிக்கவில்லை என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். அப்படியே சொன்னான். நானும் ஆமாம் போட்டேன். பாக்கியம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவன் வலது கையைப் பிடித்து இழுத்து மூக்கருகே வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

"கையக் கழுவிராதீக" என்றாள். "கொஞ்சம் ரசஞ்சோறு இருக்கு. இந்தக் கையாலயே பெசஞ்சு குடுங்க."

குருசாமி பிசைந்து ஊட்டினான். அவள் சாப்பிட்டாள். குமட்டவில்லை. நான் வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன்.

அதன் பிறகும் வியாழக்கிழமைகளில் பின்னல் நூலைக் கட்டிக்கொண்டு போனோம். விரால் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. பங்குனியில் பாக்கியம் இறந்துபோனாள்.

மில்லும் தொண்ணூறுகளில் தள்ளாடி ஒருநாள் நின்றது. நிற்பதற்கு முன்பே வைண்டிங்கில் புது மெஷின் வந்துவிட்டது, காற்றை அடித்து இரண்டு நுனிகளையும் ஒட்டிவிடும், முடிச்சே தேவையில்லை. இப்போது அந்த இடத்தில் பிளாட் போட்டு வீடு கட்டியிருக்கிறார்கள். மில் சங்குச் சத்தமும் போயிற்று, அந்த வாசமும் போயிற்று. கண்மாயில் மழைக்காலத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது, தாமரையைக் காணோம்.

விரால் மட்டும் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. பண்ணையில் வளர்க்கிறார்களாம். போன மாதம் குருசாமியைப் பார்க்க ராஜபாளையம் போயிருந்தேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்தோம். ரோட்டோரக் கடையில் கண்ணாடித் தொட்டி நிறைய விரால் உயிரோடு நெளிந்தது. கடைக்காரப் பையன் வலையை உள்ளே விட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினான். முழங்கை நீளம் இருக்கும்.

"அண்ணாச்சி, உயிர் மீனு. எடுத்துட்டுப் போங்க, வீட்ல கொழம்பு வைக்கச் சொல்லுங்க" என்றான்.

குருசாமி நின்று பார்த்தான்.

"வீட்ல மீன் திங்க ஆளில்லப்பா" என்றான்.