சங்கு ஊதியும் ஏறாத கோடு

சூரியநெல்லிக் கடைத்தெருவில் கேபிள் டி.வி. நடத்தி, பிறகு வீடுகளுக்கு இன்டர்நெட்டும் கொடுக்க ஆரம்பித்த அமிர்தநாதனுக்குக் கோபம் வந்தால் இரண்டு பேர் மேல்தான் வரும். ஒன்று, கம்பத்தில் முதுகு சொறிந்து வயரை அறுத்துவிட்டுப் போகும் யானை. இன்னொன்று, அவரே. யானையை மன்னித்துவிடுவார்.

தன்னை மன்னிக்காததற்குக் காரணம் அவர் போட்ட ஒரு கணக்கு. கொச்சியில் பயிற்சி கொடுத்தவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: நூறு வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தால் நூறு வீடும் ஒரே நேரத்தில் பார்க்கப் போவதில்லை, ஒருவர் சமைக்கும்போது ஒருவர் தூங்குவார், இன்னொருவர் பஸ்ஸில் இருப்பார். ஆகவே ஒரு நாளைய உபயோகத்துக்குச் சராசரி பார்த்து, மேலே கொஞ்சம் சேர்த்துக் கம்பெனியிடம் லிங்க் வாங்கினால் போதும். அவரும் அப்படியே வாங்கினார். டவுனுக்கு அது சரியான கணக்குத்தான். தேயிலை எஸ்டேட்டிலோ எல்லாருக்கும் வேலை முடிய ஒரே சங்கு. அது ஊதினால் கொழுந்துச் சாக்கு இறங்கும், எடை போடுவார்கள், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு லயம், நெட்டில் ஓடும் டி.வி.யும் போனும் ஒரே மூச்சில் எரியும். பகலெல்லாம் லிங்க் சும்மா கிடக்கும். சாயங்காலமானால் கடைக் கம்ப்யூட்டரில் உபயோகக் கோடு செங்குத்தாக ஏறி, உச்சியில் முட்டி நின்றுவிடும். அந்தச் சங்கைக் கேட்டே வளர்ந்த மனுஷன், கணக்கில் அதைச் சேர்க்க மறந்தார் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த முறை சங்கு ஊதும் நேரத்தையே கணக்காக வைத்துப் பெரிய லிங்க் கேட்டிருந்தார். கம்பெனியில் அடுத்த மாதம் தருகிறோம் என்றார்கள். அதற்குள் மகள் சிஞ்சுவுக்கு அயர்லாந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ இன்டர்வியூ வந்துவிட்டது. நர்சிங் முடித்த பெண். போன தடவை பாதிக் கேள்வியிலேயே அவள் முகம், திறந்த வாயோடு திரையில் அப்படியே நின்றுபோக, அந்தப் பக்கம் நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்கள். கெடுத்தது அப்பாவின் லிங்க். மறுபடி கூப்பிட்டதே பெரிய விஷயம், இதையும் விட்டால் இனிக் கூப்பிட மாட்டார்கள். அதுவும் அவர்களுக்குப் பகல், இங்கே சங்கு ஊதி முடிந்த நேரம். அவர்கள் குடியிருந்த லயத்தில் மொபைல் சிக்னலை நம்புவதற்கில்லை.

"ஏங்க, ஒரு மணி நேரம் மத்த வீட்டுக்கெல்லாம் வேகத்தக் கொறச்சு வச்சா என்ன? ஒரு பட்டனத் தட்டுறதுதானே?" என்றாள் மனைவி புஷ்பமேரி. கொழுந்து எடுக்கிறவள்.

"தட்டலாம். பெறகு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க வீட்டுக்கு ரிப்பேருக்குப் போவேன்? எல்லாரும் ஒரே காசுதானே குடுக்காங்க."

"ஒங்க நியாயத்துல ஏறியே அவ அயர்லாந்து போகட்டும்."

அமிர்தநாதன் அப்படித்தான். ஊர் அதை நேர்மை என்றது, வீடு பிடிவாதம் என்றது.

இன்டர்வியூ அன்றைக்கு வீட்டில் இருக்கத் தைரியமில்லாமல் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். சங்கு ஊதியது. கோடு ஏறப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். ஏறவில்லை. இருந்த கொஞ்சமும் சரிந்து, அடியை ஒட்டிப் படுத்துவிட்டது. வயர் போச்சு! அந்த யானைதான்! லிங்க் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்ததை அவர் பார்க்கவே இல்லை. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு, கம்பம் கம்பமாக நின்று வயரைப் பார்த்துப் பார்த்து லயத்துக்கு ஓடினார்.

முதல் வீடு ராமுத்தாயுடையது. புஷ்பமேரியோடு ஒரே தேயிலைக் காட்டில் கொழுந்து எடுப்பவள். லிங்க் கொஞ்சம் நின்றாலும் அவரைக் காய்ச்சி எடுப்பதில் முதல் ஆள். வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நெட்டு போயிருச்சா தாயி?"

"மெதுவாப் பேசுங்கண்ணே. போகல்லாம் இல்ல, நாங்கதான் அணைச்சு வச்சிருக்கோம். நேத்து எடை போடுற எடத்துல மேரியக்கா அழுதுச்சு. விசேஷ வீட்டுக்குப் பைப்ப விட்டுக்குடுக்கோம்ல, அது மாதிரிதான்."

அந்த லயத்தில் எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். ஒரு வீட்டில் கல்யாணமோ பூப்பு நீராட்டோ என்றால், அன்றைக்கு வேறு யாரும் அங்கே குடம் வைப்பதில்லை. கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம்.

அமிர்தநாதன் வரிசையைப் பார்த்தார். ஒரு ஜன்னலிலும் டி.வி. வெளிச்சம் இல்லை. ஆண்கள் வெளியே கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். போனைப் பறிகொடுத்த பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. தான் தட்ட மறுத்த பட்டனை இவர்கள் ஒவ்வொருவராகத் தட்டியிருக்கிறார்கள்! கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஐம்பது வயது ஆள், விம்மி விம்மி அழுதார்.

"இப்ப என்னத்துக்கு அழுகை? அங்க பாருங்க, பிள்ள வருது."

சிஞ்சு செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். "எடுத்துக்கிட்டாங்கப்பா! ஒரு எடத்துலகூட நிக்கல. புது லிங்க் வந்துருச்சா?"

"இல்லம்மா. லயமே ஒனக்காக அணைச்சு வச்சிருந்துச்சு." அவள் திரும்பி ராமுத்தாயைக் கட்டிக்கொண்டாள்.

"சரி சரி, விடு," என்று விலக்கிவிட்டு ராமுத்தாய் வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏ, பிள்ளைக்கு வேல கெடைச்சிருச்சு! போடுங்கடி!"

அத்தனை வீட்டிலும் ஒன்றாக டி.வி. எரிந்தது. ராமுத்தாயும் உள்ளே போனாள். போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"என்னண்ணே லிங்க் வச்சிருக்கீங்க? வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு! காசு மட்டும் கரெக்டா வாங்கத் தெரியுதுல்ல?"

"திட்டு தாயி," என்றார் அமிர்தநாதன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நல்லாத் திட்டு."