கண்ணாடி ஒட்டும் மேசையில்

பெரம்பலூருக்கு வெளியே இருந்த சோலார் பேனல் கம்பெனியில், கண்ணாடி ஒட்டும் பிரிவில் எனக்கு வேலை. மேசைமேல் கண்ணாடியை வைத்து, ரப்பர் போன்ற ஒரு ஷீட்டை விரிப்போம். அதன்மேல் வெயிலை மின்சாரமாக்கும் சோலார் செல்களை வரிசையாக அடுக்கி, இன்னொரு ஷீட்டால் மூடி மெஷினுக்குள் அனுப்புவோம். மெஷின் காற்றை உறிஞ்சிச் சூடேற்றும். ஷீட் உருகிக் கண்ணாடியும் செல்லும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு முடி கிடந்தாலும் பேனல் வீண்.

கண்ணாடியை இரண்டு பேர் தூக்க வேண்டும். எனக்கு எதிரே பிடிப்பவர் குரும்பலூர் அக்கா. கணவர் இல்லை, மகள் கல்லூரியில் படித்தாள். அதிகம் பேசமாட்டார். தூக்கும்போது மட்டும், "புடிச்சிட்டியா புள்ள?" என்பார். நான் "ம்" என்ற பிறகே நகர்வார்.

அன்றும் கேட்டார். நானும் சொன்னேன். மேசையின் இரும்பு விளிம்பில் மூலை லேசாகத்தான் இடித்தது. மூலையில் அடிபட்டால் மொத்தமும் நொறுங்கும் ரகம் அது; வெடி வெடித்ததுபோல முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகக் கொட்டியது. அக்கா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "என்னமோ உறுத்துது" என்றார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடிகள் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. வெளியாட்கள் பார்வையிட வந்தால்தான் எடுத்துத் தருவார்கள்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திருச்சிக்கு அனுப்பினார்கள். வேனில் வழியெல்லாம் அக்கா நகம் பதிய என் கையைப் பிடித்திருந்தார். திருச்சி டாக்டர்கள் கண்ணை அகற்றவில்லை. ஆனால் அதில் பார்வை போய்விட்டது.

கட்டுப் பிரித்து வேலைக்கு வந்தவரை சூப்பர்வைசர் வாசலிலேயே நிறுத்தினார்.

"ஒட்டுனதுல குமிழி இருக்கான்னு பாக்கணும்மா. ஒங்களால முடியாது."

"ஒரு கண்ணு நல்லாத் தெரியுது சார். பெருக்கற வேலையாவது குடுங்க."

"மேல கேட்டுட்டுச் சொல்றேன்."

சொல்லவேயில்லை. நாங்கள் சில பெண்கள் போய்க் கேட்டோம். "அவங்க சரியாப் புடிக்கலன்னு ரிப்போர்ட்ல எழுதியாச்சு" என்றார்.

"எதிர்ல நின்னது நாந்தான் சார். சரியாத்தான் புடிச்சாங்க" என்றேன்.

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மகள் படிப்பை நிறுத்திவிட்டு அரியலூரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். அக்கா உடையார்பாளையம் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய், முந்திரிக்கொட்டை உடைக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். வலப்பக்கமாகப் போய் நின்றேன். அவருக்குத் தெரியவில்லை. கூப்பிட்ட பிறகு முழு உடம்போடு திரும்பினார். இடதுகை விரல்களெல்லாம் கொட்டை உடைக்கும்போது அடிபட்டுக் கன்றியிருந்தன.

"கண்ணு வலிக்குதாக்கா?"

"வலியெல்லாம் இல்ல. எது கிட்ட இருக்கு, எது தள்ளி இருக்குன்னுதான் புடிபட மாட்டேங்குது."

டீ போட்டுவந்து எனக்கு ஊற்றினார். பாதி டம்ளருக்கு வெளியே போனது. துணி எடுத்து அவரே துடைத்தார். மீதியைக் குடித்துவிட்டு நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.