சித்தியின் முட்டிவலி ஒளிபரப்பான நாள்

என் சித்திக்கு டிவியில் வேலை. உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

அந்த சேனலில் எல்லாம் உண்டு. காலையில் வக்கீல், மதியம் சமையல், சாயங்காலம் டாக்டர், அப்புறம் ஆட்டம் பாட்டம். நிகழ்ச்சிதான் மாறும், எதிரே நாற்பது நாற்காலிகளில் உட்கார்ந்து கைதட்டும் நாங்கள் மாறமாட்டோம். பார்க்கிறவர்களுக்கு அடையாளம் தெரியாமலிருக்கச் சித்தி ஒரு நாள் கண்ணாடி போடுவாள், ஒரு நாள் கொண்டையை அவிழ்ப்பாள். பத்து வருஷமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் பக்கத்து நாற்காலி. வாய் திறக்கமாட்டேன் என்பதால் எனக்குக் கேள்விச் சீட்டு தருவதில்லை.

சித்திக்குத் தருவார்கள். மேனேஜர் சீட்டில் எழுதியதைத்தான் கேட்கவேண்டும். சொந்தமாக எதையாவது கேட்டால் நாற்காலி போய்விடும். வீட்டில் சித்தி பேச ஆரம்பித்தால் சித்தப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார். அவள் பேசி நாலு பேர் கேட்கிற இடம் அந்த நாற்காலி ஒன்றுதான்.

ஒரு நாள் முடி கொட்டுவது பற்றிச் சீட்டு வந்தது. எதிரே இருந்தவர் நிஜ டாக்டர். சித்தி சீட்டை மடித்து வைத்துக்கொண்டு, தனக்கு நிஜமாகவே இருந்த முட்டிவலியைக் கேட்டுவிட்டாள். படி ஏற முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்றாள். டாக்டர் படம் வரைந்து விளக்கினார். மேனேஜர் அன்று லீவு.

அடுத்த வாரம் ஆட்டப்பாட்டத்தில் தொகுப்பாளர் சித்தியை மேடைக்கு இழுத்தார். மறுத்தால் மறுபடி கூப்பிடமாட்டார்கள். ஆடினாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். சித்திக்கு அதற்கும் வழியில்லை. கூடம் நேராகத்தான் இருந்தது.

இரண்டையும் ஒரே நாளில் ஒளிபரப்பிவிட்டார்கள். இரண்டிலும் சித்திக்கு அதே கொண்டை. ஆறு மணிக்கு எழ முடியாத சித்தி ஏழு மணிக்குக் குதித்தாள். என்ன மருந்து என்று கேட்டு சேனலுக்கு ஓயாமல் போன்.

மேனேஜர் மூன்றாம் மாடிக்கு வரச் சொன்னார். லிஃப்ட் விருந்தினர்களுக்கு மட்டும். சித்தி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினாள். பின்னால் நான். மேலே நின்று மேனேஜர் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"யாரைக் கேட்டும்மா முட்டிவலின்னு நடிச்சீங்க?"

"நடிக்கல சார். ஆடினதுதான் நடிப்பு."

"படியிலகூட என்னமா நடிக்கிறாங்க, பாரும்மா" என்று என்னிடம் சொன்னார். பாதிக் கோபம் பாராட்டாகியிருந்தது. கையோடு பக்கத்து அறைக்கு அழைத்துப்போனார். அங்கே தொடருக்கு, காலை இழுத்து நடக்கும் மாமியார் தேவைப்பட்டாள். இயக்குநர் சித்தியை மூன்று முறை நடக்கவிட்டுப் பார்த்தார். வலி நம்புகிற மாதிரி இல்லை என்றார்.

நடிப்பு வராத ஆளால் சேனலுக்கு ஆபத்தில்லை என்று மேனேஜர் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் டாக்டர் நிகழ்ச்சி. சித்தி கண்ணாடி போட்டுக்கொண்டு, முடி ஏன் கொட்டுகிறது என்று சீட்டில் உள்ளபடியே கேட்டாள். டாக்டர் விளக்கி முடித்ததும் எல்லோரும் கைதட்டினோம். எழுந்து நின்று தட்டச் சொன்னார்கள். நான் அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.