வெள்ளிக்கிழமைகளில் குளிர்ந்த கடல்

புயலடித்து நாலைந்து வருடம் கழிந்திருந்த காலம். மீன்பிடிக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி எங்கள் கரைக்கு வந்து போவார், நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்து ஆள். ஒருநாள் தன் தோல் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து என் புருஷனிடம் கொடுத்தாராம். காய்ச்சல் பார்க்கிற குழாய் மாதிரித்தான், ஆனால் நல்ல நீளம்.

"கடலுக்குக் காய்ச்சல் பாக்கச் சொல்லித் தந்திருக்காரு புள்ள" என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

விஷயம் இதுதான். வானத்தில் சுற்றுகிற செய்மதி ஒன்று கடலைப் படம் பிடிக்கிறதாம். எந்தப் பக்கம் தண்ணீர் சூடு, எந்தப் பக்கம் குளிர் என்று அந்தப் படத்தில் தெரியுமாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் குளிர்ந்த தண்ணீர் கரையை அண்டி வரும். அதோடு கீரி மீன் குஞ்சுகளும் வரும். அந்த நேரம் சின்னக்கண் வலை போட்டால் குஞ்செல்லாம் அள்ளுப்பட்டுப் போகும், அடுத்த வருடம் கரையில் மீன் இராது. ஆகவே ஒரு மாதம் அந்த வலையை நிறுத்த வேண்டும். எந்த மாதம் என்று படத்தைப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் மேலேயிருந்து பார்த்தது சரியா என்று கீழே ஒருவர் தண்ணீரை அளந்து காட்ட வேண்டும். தோணியில் தூரம் போகிறவர் என்று என் புருஷனைப் பிடித்திருந்தார்கள்.

அவருக்கு எழுத்தும் வராது, இலக்கமும் வராது. அதைச் சேரிடம் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தார். ஆனால் மூளைக்காரர். குழாயைக் கடல்நீர் வாளிக்குள் விட்டு, உள்ளே பாதரசம் ஏறி நிற்கிற இடத்தில் வெளியே ஒரு சிவப்பு நூலை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார். நூல் நிற்கிற கோட்டை நான் வாசித்துத் தாளில் எழுதுவேன். நான் அஞ்சாம் வகுப்புவரை படித்தவள். எழுதுவது நான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் என் கூடப்பிறந்த மூத்தவள் ராத்தாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒரு மாதம் கழித்துச் சேர் கரையில் வைத்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னாராம், வேறு கரைகளில் அளக்கிறவர்களின் தாளையெல்லாம் விட வடிவான தாள் உங்களுடையதுதான் என்று. என் புருஷன் அந்தப் புகழைத் துவாயில் முடிந்துகொண்டு வந்தார். எனக்கு ஒரு துண்டுகூடத் தரவில்லை. ஆனாலும் அடுப்படியில் நின்று நான் தனியே சிரித்துக்கொண்டேன்.

அந்தத் தாளில் ஒரு தொல்லை இருந்தது. ஏழு நாளுக்கும் ஏழு பெட்டி. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை யாரும் தோணி இறக்குவதில்லை, அது பள்ளிவாசல் கட்டுப்பாடு. பள்ளிக்கூடத்தில் சிலேற்றில் இடம் வெறுமையாகக் கிடந்தால் எங்கள் வாத்தியார் விரல் மொழியில் அடிப்பார். அந்தப் பயம் என் விரலை விட்டுப் போயிருக்கவில்லை. வெறும் பெட்டியைப் பார்க்கப் பார்க்க விரல் நொந்தது. ஆகவே வெள்ளிக்கிழமைக்கும் ஒரு இலக்கம் போட்டேன். வியாழனின் இலக்கத்தையே போட்டால் பிடிபட்டுப் போகும் என்று நினைத்து, ஒன்று குறைத்துப் போட்டேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. என் புருஷன் காய்ச்சலில் கிடந்த நாளுக்கும், மையித்து அடக்கத்துக்குப் போன நாளுக்கும்கூட நானே கடலை அளந்தேன், அடுப்படியில் இருந்தபடி.

மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். வாசல் கடப்படியில் சேரின் குரல் கேட்டது. நான் அறைக்குள் புகுந்து திரைச்சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அதன் இடுக்கால் விறாந்தை தெரிந்தது. அந்நிய ஆண்களோடு நான் கதைத்ததே இல்லை. அடுத்த வளவிலிருந்து ராத்தா வந்து அவரை விறாந்தையில் இருத்தினாள். ராத்தாவுக்கு வெட்கம் என்றால் என்னவென்று தெரியாது. எங்கள் உம்மா இரண்டு பேருக்கும் உரிய வெட்கத்தை என்னிடமே கொடுத்துவிட்டா.

சேர் ஒரு பெரிய படத்தை மேசையில் விரித்தார்.

"இதா சேர் கடல்? புட்டுக்கு மாக் குழைச்ச மாதிரிக் கிடக்கு" என்றாள் ராத்தா.

"கறுப்பா இருக்கிறது சூடு. வெளிறினது குளிர்."

"மேலேருந்து பாக்கிறதெண்டா எங்கட கிணத்தடியும் தெரியுமா?"

"இல்லையம்மா. அவ்வளவு கிட்டத் தெரியாது."

"நல்லாத் தெரியுமா உங்களுக்கு? பொம்புளயள் குளிக்கிற இடம்."

சேர் இருமிவிட்டுக் கதையை மாற்றினார். அவருடைய குரலில் ஒரு பெருமகிழ்ச்சி இருந்தது. "உங்கட தங்கச்சியின்ர அவர் ஒரு அதிசயத்தைக் கண்டுபிடிச்சிருக்கிறார். ஏழு நாளைக்கு ஒருக்கா இந்தக் கடல் குளிருது. செய்மதிப் படத்தில அப்பிடி ஒண்டும் தெரியேல்லை. கொழும்புக்குக் கடிதம் எழுதி வைச்சிருக்கிறன். இண்டைக்குப் பின்னேரம் வலை நிறுத்திற கூட்டத்திலயும் சொல்லப் போறன். அதுக்கு முன்னம் நானும் ஒருக்காத் தோணியில போய்ப் பார்ப்பம் எண்டு வந்தால், கரையில ஒரு ஆளையும் காணேல்லை."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லுவா சேர். ஆரும் போறல்ல."

சேர் எங்கள் தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப இந்த வெள்ளிக்கிழமைக் கணக்கெல்லாம்?"

ராத்தா திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"போகாத கடலை அளந்திருக்கிறார்" என்றார் சேர். மகிழ்ச்சி போய்விட்டிருந்தது. "இனி மற்ற நாளுகளை நான் என்னண்டு நம்புறது? பின்னேரம் கூட்டத்தில இதைத்தான் சொல்ல வேண்டி வரும். குழாயையும் எடுத்துக்கொண்டு போறன்."

என் பொய் என் புருஷனின் தலையில் ஏறப் போகிறது, அதுவும் கரையில் உள்ள அத்தனை பேருக்கும் முன்னால். ராத்தா என்னைக் காப்பாற்றப் புறப்பட்டாள்.

"பொய் இல்ல சேர். தங்கச்சிட மாப்புள வெள்ளிக்கிழமையில களவாக் கடலுக்குப் போறவர்."

வேலிக்கு மேலே இரண்டு தலைகள் முளைத்தன. அடுத்த வீட்டுக்காரிகள். இது பள்ளிவாசலுக்குப் போனால் விசாரணைதான். திரைக்குள்ளிருந்து கை நீட்டி ராத்தாவின் சேலையைப் பிடித்து இழுத்துக் குசுகுசுத்தேன். "அப்பிடிச் சொல்லாத ராத்தா. பள்ளியில கூப்பிட்டு வெச்சிக் கேப்பாங்க."

ராத்தா நிமிர்ந்து, "தங்கச்சியும் ஓமெண்டுறா சேர்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "இல்ல சேர். நான்தான் எழுதினன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "அவர் வெள்ளிக்கிழமை போறல்ல. பெட்டி வெறுமையாக் கிடந்திச்சி. நான் நிரப்பினன்."

சேர் திரைச்சேலையைப் பார்த்துக் கேட்டார். "நிரப்பினது சரி. ஏன் குளிரா நிரப்பினனீங்கள்?"

ஒரு முறை வாயைத் திறந்தால் இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமில்லை. "தோணி ஒண்டும் கலக்காத கடல்தானே சேர். ஆள் பொழங்காத அறை குளிந்து கிடக்குமே, அப்பிடியெண்டு நினைச்சன்."

அவர் படத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். படம் ஆடியது. கோபமா சிரிப்பா என்று திரைக்குள்ளிருந்து எனக்குத் தெரியவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"நல்ல காலம், இன்னும் தபாலில போடேல்லை. சரியம்மா, வேற எந்தெந்த நாள் நீங்கள் அளந்தது?"

தாள்களும் பென்சிலும் திரைக்குக் கீழே தள்ளப்பட்டு வந்தன. வெள்ளிக்கிழமைகளை வெட்டுவது சுலபம். மற்ற நாட்களுக்குத்தான் ராத்தாவும் நானும் கறியை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தோணி போகாத நாளில் வீட்டில் பச்சை மீன் இராது.

"இந்தப் புதன் முருங்கை இலை" என்றேன்.

"இல்ல கா. முருங்கை இலை செவ்வாய். புதன் நீ கருவாட்டை எரிச்சி எடுத்த."

இரண்டையும் வெட்டினேன். ராத்தா முட்டைக் கறி ஒன்றை நினைவுபடுத்த, இன்னொரு நாளும் போனது. என் வடிவான தாள் கோழி கிளறிய முற்றம் மாதிரி ஆகிவிட்டது.

அந்த நேரம் என் புருஷன் வந்தார். வேலித் தலைகளின் செய்தி அவருக்கு முன்னே தெருவுக்குப் போய்விட்டிருந்தது. முகம் சிவந்திருந்தது. "நான் வெள்ளிக்கிழமை களவாக் கடலுக்குப் போறனெண்டு ஆரு சொன்ன? வழியில மூணு பேர் கேக்கிறாங்க."

ராத்தாவுக்குத் திடீரென்று குசினியில் வேலை வந்துவிட்டது.

சேர் தாளைத் தூக்கிக் காட்டினார். "நீங்கள் போகேல்லை. இஞ்ச வெட்டியிருக்கு பாருங்கோ."

அவர் அந்த வெட்டுகளையும் திரைச்சேலையையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கிக்கொண்டார். கதிரையில் உட்கார்ந்து துவாயால் முகத்தைத் துடைத்தார். "எனக்கு எழுத்து வராது சேர்" என்றார். "அளக்கிறது நான். எழுதுறது அவ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கரையில் அத்தனை பேருக்கும் முன்னால் வாங்கிய பேரை அவர் இப்படித் தானாகவே கழற்றி வைப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மிஞ்சிய இலக்கங்களைச் சேர் படத்தோடு வைத்துப் பார்த்தார். அனேகமாக ஒத்துப்போனது. இரண்டு நாள் ஒத்துப்போகவில்லை. நூல் வழுகியிருக்கும் என்றார் என் புருஷன். அந்த இரண்டையும் வெட்டச் சொன்னார் சேர். குழாயை எடுத்துக்கொண்டு போகவில்லை.

"இனி வெள்ளிக்கிழமையை வெறுமையா விடுங்கோ அம்மா. வெறுமையும் ஒரு கணக்குத்தான். எழுதின ஆளின்ர பேரையும் தாளில போட வேணும். உங்கட பேர் என்ன?"

கடலைப் பற்றிக் கதைத்த வாய் பேரைக் கேட்டதும் பூட்டிக்கொண்டது. அவர் இரண்டாம் முறை கேட்டார். நான் திரைச்சேலையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். குசினியிலிருந்து ராத்தா பேரைச் சொன்னாள். அவளுடைய பேரை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் நடந்தது. எந்த மாதம் சின்னக்கண் வலையை நிறுத்துவது என்று தீர்மானித்தார்கள். முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள், ஆனால் என் புருஷனை ஒருவரும் பொய்யன் என்று சொல்லவில்லை. கடைசியில் சேர் எழும்பி, இந்தக் கரையின் கடலைக் கணக்கில் வைத்திருக்கிற பெண்மணிக்கு நன்றி என்று ராத்தாவின் பேரைச் சத்தமாக வாசித்தாராம். முன்வரிசையில் இருந்த ராத்தாவின் மாப்பிள்ளை, தன் பெண்சாதி எப்போது கடலுக்குப் போனாள் என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தாராம்.

அன்று என் புருஷன் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் என் பேர் வாசிக்கப்பட்டிருந்தால் வெட்கத்தில் ஒரு கிழமைக்கு முற்றத்துக்கே இறங்கியிருக்க மாட்டேன். ராத்தாவோ அடுத்த நாள் காலையிலேயே ஊரெல்லாம் சுற்றி வந்தாள், தண்ணீரை எப்படி அளப்பது என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கிக்கொண்டு.